கூம்பும் ரசனையும்

நம் ஊர்களில் ஒலிபெருக்கி என்றால் குழாய்தான். அரூர்ப் பக்கத்தில் காதுகுத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மரத்தில் கட்டிய அந்தக் கூம்பின் வழியாகத்தான் இரண்டு தலைமுறைகள் சினிமாப் பாட்டைக் கேட்டன. ஆகவே, மூடிய தியேட்டர்களின் பழைய கூம்பு ஸ்பீக்கர்களைச் சிலர் வீட்டில் வைத்துச் சங்கீதம் கேட்கிறார்கள் என்றதும் படித்தவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. கூம்பு என்றால் இரைச்சல் என்ற சமன்பாடு இந்தச் சிரிப்பின் அடியில் இருக்கிறது. அது தவறு.

ஒரு வாட் மின்சாரம் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். 85 டெசிபல் தரும் சிறு பெட்டியில், கொடுத்த மின்சாரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் ஒலியாகிறது. மற்றது வாய்ஸ் காயிலைச் சூடாக்குகிறது. 1945ல் வந்த ஆல்டெக் லான்சிங்கின் 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வகை 100 டெசிபலை ஒட்டி நிற்பது. சிறு பெட்டி 30 வாட்டில் செய்வதை இது ஒரு வாட்டில் செய்யும். வால்வு ஆம்பிளிஃபயர்கள் சில வாட்டுகளே தந்த காலத்தின் நிர்ப்பந்தம் இது. 1954ல் எட்கர் வில்ச்சர் மூடிய சிறு பெட்டியில் ஆழமான கீழ் ஒலியைக் கொண்டுவந்தார். விலையாகக் கொடுத்தது உணர்திறனை. பின்னர் டிரான்சிஸ்டர் வாட்டை மலிவாக்கியது. நஷ்டம் நஷ்டமாகவே தெரியாமல் போயிற்று.

நஷ்டம் என்ன? காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடும். ஓங்கி வரும் அடி சுருங்கும். தவிலின் ஒரு சொல்லும் மிருதங்கத்தின் ஒரு சாப்பும் வேறுவேறு எடையில் விழுவது மழுங்கிப்போகிறது. கூம்பு காற்றோடு நன்றாக இணைவதால் அதன் டயாஃப்ரம் கொஞ்சமே அசைந்தால் போதும், திரிபும் குறைவு. இது அந்நிய சூத்திரமல்ல. நாகஸ்வரத்தின் அணசு செய்வதும் இதே வேலைதான்.

இதனாலேயே பழையதெல்லாம் உயர்ந்தது என்று ஆகிவிடாது. அல்நிகோ காந்தத்தின் பெயரைச் சொல்லிப் பரவசப்படுவது பூஜை, ரசனையல்ல. திருவிழாக் குழாய் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, கீழ் ஸ்தாயியே கிடையாது, வீட்டுக்கு ஆகாது. வாங்குகிறவன் பார்க்க வேண்டியவை வேறு. காகிதக் கோனின் விளிம்பு துணியா, ஃபோமா? ஃபோம் நாளடைவில் பொடியாகிவிடும். கோனை விரலால் மெல்ல அழுத்தினால் காயில் உரசுகிறதா? கிராஸ்ஓவரின் எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர்கள் காய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சுருதி சேர்ப்பது அதன் பின். மேல் கூம்பு கீழ்க் கோனைவிட ஏறக்குறைய 10 டெசிபல் உரக்கப் பேசும். அதை அடக்காவிட்டால் எல்லோரும் மூக்கால் பாடுவார்கள். இரண்டும் 500 அல்லது 800 ஹெர்ட்ஸில் கைமாறுகின்றன; மனிதக் குரலின் நடுவில். அதனால் தட்டிச் சோதிக்க வேண்டியது டிரம் அல்ல, குரல். எம். டி. ராமநாதன் மந்த்ர ஸ்தாயியிலிருந்து மேலே வரும்போது ஒரே ஆள் பாடினால் சரி. இரண்டு பேர் பாடினால் வேலை முடியவில்லை. இரு ஒலிகளும் கலக்க மூன்று மீட்டராவது தூரம் வேண்டும். வெறும் சிமெண்டுச் சுவரில் புத்தக அலமாரியோ கனத்த துணியோ வேண்டும். ஆம்பிளிஃபயரின் 'உஸ்' சத்தத்தையும் இவை ஒளிக்காது.

1935ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது. அரூர் 1965 வரை சேலம் ஜில்லா. அக்காலப் பாடல்கள் ஒற்றைத் தடத்தில், இத்தகைய கூம்புகளை உத்தேசித்துப் பதிவானவை. அவற்றை அவற்றின் கருவியில் கேட்பது ஏக்கமல்ல, மூல பாடத்தைப் பார்ப்பது போன்றது. உச்ச ஒலியும் அடி ஆழமும் இவற்றில் குறைவுதான். அந்தப் பாடல்களில் அவை இருந்ததில்லை.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புகளுக்கு இரவில் 45 டெசிபல் என்கின்றன. அந்த அடக்கத்திலும் சாப்பு சாப்பாகவே கேட்பதுதான் இவற்றை வீட்டுக்குள் கொண்டுவரக் காரணம். ஊரைக் கூப்பிடப் பிறந்த சாதனம் ஒரு அறையில் தாழ்ந்து பேச வல்லது என்பதை நாம் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. இரைச்சல் நம்முடைய தேர்வு. பழியைக் குழாயின் மேல் போட்டுவிட்டோம்.