விசை யாருக்குச் சொந்தம்?

ஈமாக்ஸ் எடிட்டரைச் சுதந்திரத்தின் கருவி என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் ஒரே விசைக்கு இரண்டு கட்டளைகள் உரிமை கோரும்போது அங்கே நடப்பது என்ன? சண்டையே நடப்பதில்லை. ஒன்று இயங்கும், மற்றது சத்தமில்லாமல் மறைக்கப்படும்.

அதிகார வரிசை இதுதான்: மேலே சேர்த்துக்கொள்ளும் மைனர் மோடுகளின் விசைப்பட்டியல் முதலில், கோப்பின் வகைக்கேற்ற மேஜர் மோடினுடையது அடுத்து, பொதுப்பட்டியல் கடைசியில். (மைனர் மேஜரை மிஞ்சுவது வேடிக்கைதான்.) பயனாளர் வழக்கமாகத் தன் விசையைக் கொண்டுபோய் வைப்பது அந்தக் கடைசிப் பட்டியலில். கன்ட்ரோல்-சியும் அதையடுத்து ஓர் எழுத்தும் அவருக்கே என்று கையேடு சொல்கிறது. ஒரு மோட் அதை மீறினால் தடுக்க நிரலில் எதுவுமில்லை. காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒதுக்கீடு இப்படித்தான்.

வெட்டவும் நகலெடுக்கவும் ஊருக்கெல்லாம் பழகிய கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-சி இரண்டும் ஈமாக்ஸில் பல கட்டளைகளுக்கு முன்னொட்டு. சமரசமாக வந்தது சியுஏ மோட்: உரையைத் தேர்ந்திருந்தால் வெட்டு, உடனே அடுத்த விசை விழுந்தால் பழைய பொருள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பெயரைப் பாருங்கள். 1987இல் ஐபிஎம் வகுத்த சியுஏ நெறியில் வெட்டுவதற்கு ஷிப்ட்-டிலீட், ஒட்டுவதற்கு ஷிப்ட்-இன்சர்ட். ஜெயித்த விசைகளுக்குத் தோற்ற நெறியின் பெயர்.

அப்ப என்னதான் செய்யறது? கன்ட்ரோல்-எச், அப்புறம் கே அடித்துத் தகராறான விசையையும் அடித்தால், அது இப்போது எந்தக் கட்டளையின் கையில் என்று தெரியும். பொதுப்பட்டியலில் திரும்பத் திரும்ப மனுப்போட்டுப் பயனில்லை. தனக்கென ஒரு மைனர் மோட் எழுதி, தன் விசைகளை அதில் வைத்து, மற்ற மைனர் மோடுகளுக்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும்.