கழற்றி வைக்கவேண்டிய உடம்பு

மமோரு ஒஷியின் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ (1995) படத்தை ஏரலில் நண்பர் வீட்டில் பார்த்தோம். முடிந்ததுமே பேச்சு ஆன்மா, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று போய்விட்டது. நமக்கு இது ஒரு வியாதி. எனக்குத் தைத்தது படகுக் காட்சி. குசானாகியின் உடம்பு முழுக்க இயந்திரம். வேலையை விட்டால் அதை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதில் சேர்ந்த நினைவுகளையும். நண்பரின் தாத்தா பண்ணையாள். பண்ணையை விட்டு வெளியேறிய அன்று, கட்டியிருந்த வேட்டியையும் வைத்துவிட்டுப் போ என்றார்களாம். தன்னிலை பற்றிய கேள்வியை ஒஷி இந்த இடத்திலிருந்துதான் எழுப்புகிறார். அரசு உளவுக்காகச் செய்த நிரல், தானும் ஓர் உயிர் என்று சொல்லி அரசியல் தஞ்சம் கேட்கிறது.

நம்முடைய ‘எந்திரன்’ (2010) சிட்டி? ராணுவத்துக்கென்று செய்யப்பட்டவன். காதலித்ததும் செய்தவரே வெட்டிக் குப்பையில் எறிகிறார். அவனுடைய கலகத்துக்கோ வில்லன் வைத்த சிவப்புச் சில்லு காரணமாகிவிடுகிறது. அவன் கோபம்கூட அவனுடையதாக இல்லை. கடைசியில் நீதிமன்ற உத்தரவுக்குப் பணிந்து தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறான். தியேட்டரில் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். எஜமான விசுவாசத்துக்கு இவ்வளவு அழகான சாவை வேறு யார் எடுத்தார்கள்!

பெண்ணுடம்பை ஒஷி காட்டும் விதத்தோடு எனக்குச் சண்டை உண்டு. அது தனியாக எழுதவேண்டியது. நண்பர் கேட்டார்: “சரிவே, அரசாங்க உடம்பைப் போட்டுட்டு வாறவளுக்கு வேற உடம்பு ஏது?”

கள்ளச்சந்தையில் வாங்கியது. ஒரு சிறுமியின் உடம்பு.