இரவல் தாளமும் பெயரற்ற கைகளும்: ஆரம்பகால ஹிப் ஹொப் இசை பற்றிய சில சிந்தனைகள்

ஹிப் ஹொப் இசைக்கு எதிராக எழுந்த கண்டனங்களுள் மிகப் பழையதும் மிக இலகுவாகக் கூறப்படுவதுமான ஒன்றுண்டு. பிறர் இசையைத் திருடிப் பிழைக்கும் இசை அது என்பதே அக்கண்டனம். எல்லாக் கலையும் முன்னைய கலையிலிருந்தே பிறக்கின்றது என அதன் ஆதரவாளர் மறுமொழி கூறி அமைவர். இவ்விரு சாராரும் ஒரு வினாவைத் தவிர்த்துச் செல்கின்றனர். எடுக்கப்பட்டதை ஆக்கியவர் யார், எடுத்ததனால் விளைந்த பயன் யாரைச் சென்றடைந்தது என்பதே அவ்வினா. அதனை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்தக் கலைவடிவத்தையும் அது தோன்றிய சமூகச் சூழலிலிருந்து பிரித்து நோக்குதல் தவறான முடிபுகளுக்கே இட்டுச் செல்லும். நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் றொபேட் மோசஸ் என்பாரின் திட்டப்படி அதனூடாக வெட்டப்பட்ட அதிவேகப் பெருந்தெருவினால் பிளவுபட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். எழுபதுகளில் தொழில்கள் வெளியேறின. கட்டடங்கள் தீக்கிரையாகிப் பாழாயின. எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும், புவெட்டோ றிக்கோ மக்களும், கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறியோருமே. இச்சூழலிலே 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொது மண்டபத்தில் சிண்டி கம்பெல் என்ற இளம்பெண் ஒரு விருந்தை ஒழுங்குசெய்தார். அவ்விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கியவர், ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரிற் பிறந்த அவருடைய தமையனார் கூல் ஹேர்க்.

ஒரு பாடலில் குரலும் ஏனைய வாத்தியங்களும் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்தொலிக்கும் சில விநாடிகளே ஆடுவோரை மிகுதியும் கிளர்ச்சியுறச் செய்கின்றன என்பதை ஹேர்க் அவதானித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்தட்டுகளில் வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும் வேளையில் மற்றையதில் அதனைத் தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். இவ்வாறு புகழ்பெற்றவற்றுள் ஒன்று 'அப்பாச்சி'. ஜெரி லோர்டன் என்ற ஆங்கிலேயர் இயற்றிய இம்மெட்டை 1960இல் ஷடோஸ் குழுவினர் பிரபலப்படுத்தினர். 1973இல் இன்கிரெடிபிள் பொங்கோ பான்ட் என்ற ஸ்ரூடியோக் குழு அதனை மீண்டும் வாசித்தது. கவனிப்பாரற்றுப் போயிருக்கக்கூடிய அவ்வாசிப்பின் தாளப் பகுதியைத் தேடியெடுத்துப் பெருமைப்படுத்தியது புறொங்ஸ் இளைஞரின் செவியே. தெரிவு விமரிசனத்தின் முதற்படியாகும். அவ்வகையில், ஆரம்பகால ஹிப் ஹொப் கலைஞனைத் தன் மரபின் விமரிசகன் எனவும் கொள்ளலாம்.

பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட நூலின் வாயிலாக, மில்மன் பரி, அல்பேட் லோர்ட் ஆகியோரின் வாய்மொழிப் பாடற் கொள்கை எம்மவர்க்கு நன்கு அறிமுகமாயிற்று. பொதுச் சொத்தான வாய்பாடுகளை எடுத்து, கூடியிருப்போர் முன்னிலையில் புதிதாகக் கோப்பவனே வாய்மொழிப் புலவன். இத்தொடர் யாருடையது என அவனை எவரும் வினவுவதில்லை. புறொங்ஸ் கலைஞருக்கு இசைத்தட்டின் தாளப் பகுதிகள் இத்தகைய வாய்பாடுகளாகவே அமைந்தன. எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. புலவனின் வாய்பாட்டை முதலில் ஆக்கியவர் எவரென அறியோம். இசைத்தட்டில் தாளம் வாசித்தவரோ உயிருடன் வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய உழைப்புச் சந்தையில் விலைப்படும் பண்டமாகவும் இருந்தது.

இவ்வேறுபாட்டின் விளைவு 1979இலேயே தெரியலாயிற்று. அவ்வாண்டு சுகர்ஹில் காங் குழுவினரின் 'றாப்பர்ஸ் டிலைட்' வெளிவந்து பெருவெற்றி கண்டது. அதன் இசை, ஷிக் குழுவினரின் 'குட் ரைம்ஸ்' பாடலை ஸ்ரூடியோக் கலைஞர் மீள வாசித்ததாகும். நைல் றொட்ஜேர்ஸ், பேர்னாட் எட்வேட்ஸ் ஆகிய அதன் ஆசிரியர்கள் வழக்கிடப்போவதாக எச்சரித்துத் தம் பெயர்களைப் பதிவுசெய்வித்தனர். ஆனால் அப்பாடலின் சொற்களில் ஒரு பகுதி, கிராண்ட்மாஸ்டர் கஸ் என்ற புறொங்ஸ் இளைஞருடையது. அவருடைய புனைபெயர்கூட நீக்கப்படாமல் வேறொருவர் வாயில் ஒலித்தது. அவருக்குப் பெயரும் கிட்டவில்லை, பணமும் கிட்டவில்லை. பதிவுரிமை பெற்றவருக்குச் சட்டம் துணைநின்றது. தெருவிலே பாடியவருக்குத் துணையாக எதுவுமிருக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சாம்பிளர் என்னும் கருவி பரவியதும் இரவல் பெறுதல் மேலும் நுணுக்கமடைந்தது. 1987இல் வந்த எஸ்.பி. 1200 கருவி ஏறத்தாழப் பத்து விநாடி ஒலியையே கொள்ளத்தக்கது. இக்குறுகிய எல்லைக்குள்ளும் பப்ளிக் எனமி குழுவினர் சாதித்தது பெரிது. அவர்களின் 'றெபெல் விதவுட் எ போஸ்' (1987) பாடலில், ஜே.பீஸ் குழுவின் 'த கிரண்ட்' (1970) தொடக்கத்திலுள்ள சாக்ஸபோன் கீச்சொலி இடைவிடாது மீளமீள ஒலிக்கின்றது. மூலத்தில் கணநேர உற்சாகமாகத் தோன்றி மறையும் அவ்வொலி, இங்கு அபாயச் சங்காகின்றது. எடுக்கப்பட்ட பொருள் புதிய பொருள் பெறுகின்றது. இதற்கு மாறாக, எம்.சி. ஹமரின் 'யூ கான்ற் ரச் திஸ்' (1990), றிக் ஜேம்ஸின் 'சூப்பர் பிறீக்' (1981) பாடலின் அடிநாதத்தைப் பெயர்த்தெடுத்து அப்படியே ஓடவிடுகின்றது. முன்னையதை ஆக்கம் என்றும் பின்னையதை நகல் என்றும் வேறுபடுத்தல் விமரிசகனின் கடன்.

சட்டமோ இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. கில்பர்ட் ஓ'சலிவனின் பாடலொன்றை அனுமதியின்றி எடுத்தமைக்காக பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1991இல் நியூயோர்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, களவை விலக்கும் விவிலியக் கட்டளையுடன் தொடங்கியது. அதன் பின்னர் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டன. பல துணுக்குகளை நெருக்கமாக அடுக்கும் பாணி செலவு மிக்கதாகித் தளர்ந்தது.

எனினும் இக்கட்டணம் உழைத்தவரைச் சென்றடைந்ததா? ஜேம்ஸ் பிறவுணின் 'பங்கி டிரமர்' (1970) பாடலில் டிரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்பீல்ட். அத்தாளம் பப்ளிக் எனமியின் 'பைட் த பவர்' (1989) உட்பட எண்ணற்ற பாடல்களில் ஒலிக்கின்றது. பாடலின் ஆசிரியராகப் பதிவானவர் பிறவுண். தமக்குப் பணமோ பெயரோ தரப்படவில்லை என்றும், பிறர் உழைப்பைப் பயன்படுத்திப் பணம் கொடாமை மரியாதையற்ற செயல் என்றும் ஸ்டபிள்பீல்ட் 2011இல் ஒரு செவ்வியில் கூறினார். 2017இல் அவர் காலமானார். வின்ஸ்டன்ஸ் குழுவினரின் 'ஆமென் பிறதர்' (1969) பாடலின் நடுவே கிரகரி கோல்மன் வாசித்த தாளம் ஆறு விநாடியளவே நீள்கின்றது. என்.டபிள்யூ.ஏ. குழுவிலிருந்து பிரித்தானிய நடன இசை வரை அத்தாளம் பரவாத இடமில்லை. கோல்மன் 2006இல் வறிய நிலையில் இறந்தார். 2015இல் பிரித்தானிய இரசிகர்கள் திரட்டிய 24,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை குழுத் தலைவர் றிச்சட் ஸ்பென்சருக்குக் கிடைத்தது. கோல்மன் அதனைக் காண உயிரோடில்லை.

கூலிக்கு வாசித்தவர் கூலியைப் பெற்றுவிட்டார், அதற்குமேல் உரிமை ஏது எனச் சிலர் வாதிடலாம். மெட்டும் சொல்லுமே ஆக்கம், தாளம் வெறும் துணை என்ற எடுகோளே இவ்வாதத்தின் அடித்தளம். ஹிப் ஹொப் அந்த எடுகோளையே தலைகீழாக்கிய கலை. மெட்டையும் சொல்லையும் களைந்து தாளத்தையே எடுத்ததன் மூலம், பாடலின் உயிர் எங்கிருந்தது என்பதை அது எண்பித்தது. அவ்வாறு எண்பித்தவர்களே, கறுப்பின மக்களின் மறைக்கப்பட்ட வரலாற்றைப் பாடியவர்களே, தம் பாடலுக்கு உயிர்தந்த கறுப்பினக் கலைஞனின் பெயரைக் குறியாது விட்டமை இக்கலையின் ஆழ்ந்த முரண்பாடாகும்.

எனவே திருட்டா மரபா என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. இவ்விசையின் மேன்மையை ஏற்போர் அதன் கடனையும் ஏற்றல் வேண்டும். சட்டத்தை மாற்றும் வல்லமை விமரிசகனுக்கில்லை. ஆனால் பெயர் சொல்லும் பொறுப்பு அவனுடையது. 'பைட் த பவர்' பாடலைக் கேட்கும் மாணவர், 'பங்கி டிரமர்' பாடலையும் ஒருமுறை முழுமையாகக் கேட்பாராக. ஏனைய வாத்தியங்கள் ஓய்ந்ததும் ஒலிக்கும் அத்தாளம் கிளைட் ஸ்டபிள்பீல்டின் கைகளுக்குரியது.