நொடிமுள் இல்லாத கடிகாரம்

கடிகாரத்தை எல்லோரும் முகம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நான் விளிம்பைப் பார்ப்பவன். கையில் எடுத்ததும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்துவிடுவேன். கண்ணாடி எங்கே முடிகிறது, உலோகம் எங்கே தொடங்குகிறது, பட்டை வந்து சேரும் இடத்தில் சந்து தெரிகிறதா, நேரம் திருத்தும் சாவி விரலுக்கு அகப்படுகிறதா? செய்தவரின் பொறுமை அங்கேதான் தெரியும்.

போன தை மாதம் அஞ்செட்டியில் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ராகி அடித்து முடித்த நேரம். நண்பரின் அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். நண்பரின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பக்கத்தில் வந்து தயங்கி நின்று கேட்டாள்: "மாமா, டிசைன் படிக்கணும்னு ஆசை. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அதெல்லாம் நடக்குமா?"

பதில் சொல்லாமல் என் கையில் இருந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கனம் பார்த்தாள். பிறகு, "இதுல நொடிமுள் ஏன் இல்லை?" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

எட்ஜ் 2002இல் வந்தது. கண்ணாடி முதல் பின்மூடி வரை மொத்தம் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் எந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர், இப்போது நாம் புழங்கும் ஒரு ரூபாய்க் காசைவிட மெல்லிசு. அதற்குள் பேட்டரி, செம்புக்கம்பிச் சுருள், பல்சக்கரங்கள், குவார்ட்ஸ் படிகம் எல்லாம் அடங்க வேண்டும். அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். முட்கள் அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்காருபவை. ஒன்றோடொன்று உரசக் கூடாது, மேலே கண்ணாடியையும் தொடக் கூடாது. மூன்றாவது முள் ஒன்றைச் சேர்த்தால் அதற்கு ஒரு மாடி கட்டியாக வேண்டும். இந்தக் கனம் சாத்தியமானதற்கு நொடிமுள்ளை விட்டதும் ஒரு காரணம்.

இதைவிடக் கடினமான வேலை தண்ணீரைத் தடுப்பது. 30 மீட்டர் அளவுக்கு நீர் தாங்கும் என்று எட்ஜுக்கு முத்திரை உண்டு. பின்மூடி மெல்லிசாக இருந்தால் அழுத்தத்தில் உள்ளே வளையும், வளைந்தால் எந்திரத்தில் இடிக்கும். சாவி நுழையும் துளையில் ரப்பர் வளையம் வைக்கவும் இடம் வேண்டும். இடம் என்பதே இல்லாத ஒரு பொருளில் அத்தனைக்கும் இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் கேட்டபோது முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள் என்பது டைட்டன்காரர்கள் பெருமையோடு சொல்லும் கதை. பிறகு நான்கு ஆண்டு உழைத்து டைட்டன்காரர்களே செய்துகாட்டினார்கள்.

எட்ஜ் என்றதும் வடிவமைப்பாளர்கள் சொல்லும் பெயர் மைக்கேல் ஃபோலி. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) படித்தவர். 2010 காமன்வெல்த் போட்டிக்கு ஊர் ஊராகச் சுற்றிவந்த அரசியின் தொடரோட்டக் கோலை (குயின்ஸ் பேட்டன்) வடிவமைத்ததும் அவருடைய நிறுவனம்தான். அவர் பெயரை எங்கேயும் படித்துக்கொள்ளலாம். நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னது வேறு ஆட்களைப் பற்றி.

டைட்டன் 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். அந்தப் பெயரிலேயே தமிழ்நாடு ஒளிந்திருக்கிறது. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளோடு தமிழ்நாட்டின் எழுத்துகள் சேர்ந்ததுதான் டைட்டன். தொழிற்சாலை ஓசூரில். கடிகாரம் செய்யும் பழக்கம் அப்போது அந்த ஊருக்கு இல்லை. நிறுவனத்தின் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் காலத்தில், பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அழைத்துவந்தார்கள். வீட்டைவிட்டு முதன்முறை வெளியே வந்த அந்தப் பிள்ளைகளுக்கு வாடகை வீடு பிடித்து, கூடவே பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தினார்கள். ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகள் இடுக்கி பிடித்து, கண்ணுக்கு எளிதில் அகப்படாத திருகுகளை முடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் மைராடா தொண்டு நிறுவனம் ஒன்றுசேர்த்த கிராமத்துப் பெண்கள், மெடோ என்ற பெயரில் தாங்களே ஒரு நிறுவனம் நடத்தி, டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகள் செய்துகொடுத்தார்கள். அப்படிப் பழகிய விரல்கள் ஓசூரில் இருந்ததால்தான் 1.15 மில்லிமீட்டர் என்று ஒருவர் காகிதத்தில் எழுதத் துணிந்தார். கோடு போட்டவர் பாதி, பூட்டியவர் பாதி. இதை மறந்த டிசைனர் எத்தனை அழகாக வரைந்தாலும் எனக்கு உவப்பில்லை.

விளம்பரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, சேலம் தர்மபுரி வீடுகளில்கூடக் கேட்டவுடன் டைட்டன் என்று சொல்ல வைத்தார்களே, அதுவும் வடிவமைப்புதான்.

இனி முறத்துக்கு வருகிறேன். அவள் நொடிமுள்ளைக் கேட்டதும் நான் திருப்பிக் கேட்டேன்: "உங்க அவ்வா கையில இருக்கிற முறத்துக்கு முன்பக்கம் மட்டும் ஏன் விளிம்பு இல்லை, கண்ணு?"

திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த பொருள். அவ்வா சிரித்துக்கொண்டே முறத்தை நீட்டினார். கன்னடம் பேசும் அடுத்த வீட்டில் அதற்கு மொர என்று பெயர். மூங்கிலைச் சிம்பாகச் சீவிப் பின்னியது. மூன்று பக்கம் விளிம்பு உயர்ந்து, பட்டைச் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறது. முன்பக்கம் தாழ்ந்து, மெலிந்து, தட்டையாக முடிகிறது. தூக்கிப் போடும்போது கனமான மணி பின்னால் கைப்பக்கம் சேரும், உமியும் தூசியும் முன்னால் பறக்கும். அங்கே ஒரு விளிம்பு வைத்தால் அது வெறும் தட்டு. பின்னலில் ராகி சிந்தாமலிருக்க மேலே சாணம் மெழுகியிருந்தார். ராகி மணி கடுகளவுதான், நெல் புடைக்கும் ஊருக்கு இத்தனை மெழுக்கு வேண்டியதில்லை. பிடி படும் இரண்டு மூலைகளும் கை பட்டுப் பட்டுப் பளபளத்தன.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களில் தலைசிறந்ததாகச் சொன்னது நம் வீட்டுச் சொம்பை. அந்த அறிக்கையின் பேரில்தான் 1961இல் என்.ஐ.டி. பிறந்தது. அவர்கள் அஞ்செட்டிப் பக்கம் வந்திருந்தால் முறத்தையும் சேர்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்தத் துறைக்குள் நுழைய விரும்பும் பிள்ளைகள் பலர் செல்போனில் வரும் படங்களைப் பார்த்து வரைந்து ஒரு கோப்பு தயார் செய்துகொண்டு வருகிறார்கள். அதே படங்களைப் பெங்களூரிலும் வரைகிறார்கள், மும்பையிலும் வரைகிறார்கள். முறத்தை நான்கு பக்கமிருந்தும் வரைந்து, எந்த இடத்தில் ஏன் மெலிகிறது என்று பக்கத்தில் தமிழிலேயே எழுதிவைத்த பத்துப் பக்க நோட்டு ஒன்று என் கைக்கு வந்தால், அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

கற்க இடங்கள் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள், சென்னையில் ஆடை வடிவமைப்பு கற்றுத்தரும் நிஃப்ட். ஐ.டி.ஐ.யில் டூல் அண்ட் டை படித்துவிட்டு வடிவமைப்புக்கு வருவதையும் நான் தாழ்வாக நினைக்க மாட்டேன். அரம் பிடித்த கை போடும் கோட்டில் ஒரு நிதானம் இருக்கும். அஞ்செட்டியிலிருந்து ஓசூர் வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர், யானை நடமாடும் காட்டுச் சாலை, கடைசி பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். இந்தச் சிரமங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பார்க்கும் கண்ணை அந்தப் பெண் பஸ் ஏறிப் போய் வாங்கிவர வேண்டியதில்லை.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசைன் என்றால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு, அறிவியல் பிரிவுக்கு மட்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வகுப்பில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்: பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் என்.ஐ.டி. நுழைவுத்தேர்வை எழுதலாம்.