விரிப்புக் குளம் களுபோவிலவுக்குப் பொருந்துமா?

களுபோவிலவில் பத்துப் பேர்ச் காணியில் வீடும் கராஜும் போக மிஞ்சும் முற்றத்தில் அல்லியும் மீனும் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. மேசனைப் பிடித்துச் சீமெந்துத் தொட்டி கட்டலாம். அல்லது குழி தோண்டி, றப்பர் அல்லது தடித்த பிளாஸ்டிக் விரிப்பை இறக்கி நீர் நிரப்பலாம். விரிப்பு வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனால் இந்த ஊரில் அதன் தகுதியை முடிவு செய்வது நிலத்தடி நீரும் நுளம்பும்தான்.

முதலில் அதன் பலம். சீமெந்துத் தொட்டியின் அடிமண் சற்று இறங்கினாலும் வெடிப்பு விழும். புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை ஏற்றுவதால், பலமுறை நீர் மாற்றாமல் மீன் விட முடியாது. விரிப்புக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. மண் அசைந்தால் அதுவும் சேர்ந்து வளையும். வேண்டிய வடிவில் வெட்டலாம். வேண்டாதபோது சுருட்டி எடுத்துக் குழியை மூடலாம். வாடகை வீட்டாருக்கும், பின்னொரு நாள் அறை கூட்ட நினைப்பவருக்கும் இது பெரிய வசதி.

அளவுக் கணக்கும் எளிது. நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், இரு கரைக்குமான மிகுதியையும் கூட்ட வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள குளத்துக்குக் கரைக்கு 30 சென்ரிமீற்றர் வீதம் விட்டால் 4.8 மீற்றருக்கு 3.8 மீற்றர் விரிப்பு தேவை. கபுக் நிலத்தைத் தோண்டினால் கூரான கற்கள் துருத்தும். அவற்றைப் பொறுக்கி, மணல் பரப்பி, மேலே பழைய கம்பளமோ தடித்த துணியோ விரிக்காவிட்டால், நீரின் பாரம் ஏறியதும் விரிப்பு துளைபடும்.

பலவீனம் மழையோடு தெரியவரும். கொழும்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. மேட்டுக் காணிக்குப் பயமில்லை. அத்திடிய சதுப்புப் பக்கமாகச் சரியும் பள்ளக் காணிகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். வெளியே நீர்மட்டம் உயர்ந்து, உள்ளே குறைவாக இருந்தால், விரிப்பு அடியிலிருந்து கொப்புளம் போல் எழும்பும். செடிச் சட்டிகள் கவிழும். கழுவுவதற்காக மழை நாளில் குளத்தை வற்றவைப்பவருக்கு இது நிச்சயம் நேரும். பள்ளக் காணியில் ஆழத் தோண்டுவதை விட்டு, தரைக்கு மேல் கல் அடுக்கி, பாதி உயர்த்திக் கட்டுவதே சரி. உயர்ந்த விளிம்பு வீதி வெள்ளத்தைத் தடுக்கும். தவழும் குழந்தைக்கும் ஓரளவு காவல்.

அடுத்தது நுளம்பு. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். போதனா வைத்தியசாலை இருக்கும் இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நுளம்பு பெருகாமல் வளவைப் பேணும் பொறுப்பை 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குடியிருப்பவர் மீதே வைத்திருக்கிறது. குடம்பி தின்னும் மீன் உள்ள குளத்தின் நடுவில் நுளம்பு வளர்வது கடினம். ஆபத்து விளிம்பில் இருக்கிறது. வளைவுகளில் விரிப்பு மடிந்து கிடக்கும்; நீர்மட்டத்துக்கு மேலுள்ள மடிப்பில் மழைநீர் தேங்கும்; மீன் அங்கே எட்டாது. ஒரு கோப்பை அளவு நீரே ஈடிஸ் நுளம்புக்குப் போதும். ஆகவே மடிப்புகளை ஒரே பக்கமாக இழுத்துப் படியவைத்து, மிகுதியை வெட்டி, கரைக்கல்லின் கீழ் இறுக்க வேண்டும். வெட்டிய துண்டை வீட்டுக் கோடியில் போட்டால் அதிலும் நீர் தேங்கும்.

மீன் தெரிவிலும் கவனம் வேண்டும். எளிதில் கிடைக்கும் கப்பி தென்னமெரிக்க மீன். வெள்ளத்தில் வடிகாலுக்குப் போனால் சதுப்பு வரை சேரும். நம் ஓடைகளில் வாழும், தலையில் வெள்ளைப் பொட்டு மின்னும் சிறுமீனும் நீர்மட்டத்திலேயே நீந்திக் குடம்பியைத் தின்னும். அதுவே நல்ல தெரிவு. ஆகாயத்தாமரையைக் கிட்டவும் சேர்க்கக் கூடாது. அதைக் கட்டுப்படுத்த 1909இலேயே இங்கு சட்டம் இயற்றப்பட்டது. பெல்லன்வில – அத்திடிய சரணாலயம் பக்கத்தில் இருக்கும்போது நம் முற்றத்துக் கவனக்குறைவு முற்றத்தோடு நிற்காது.

வெயில் படும் விளிம்பில் மலிவான பொலித்தீன் சில ஆண்டுகளில் வெடிக்கும்; றப்பர் விரிப்பு நெடுங்காலம் தாங்கும். விலையைக் குறைக்க நினைப்பவர் குளத்தைச் சிறிதாக்கட்டும், விரிப்பின் தரத்தைக் குறைக்க வேண்டாம்.

என் முடிவு இது: மேட்டுக் காணியில் விரிப்புக் குளம் சீமெந்தை விட நல்லது, பள்ளக் காணியில் உயர்த்திக் கட்டினால் மட்டும் நல்லது. ஈடிஸ் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு முறை மடிப்பையும் கரையையும் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் வெளிநாடு போய் வருபவர்கள், பார்த்துக்கொள்ள ஒருவரை ஒழுங்குபடுத்த முடியாவிட்டால், குளம் வெட்டவே கூடாது.