டாரோச் சீட்டுகள்: ஆட்டமும் மாயமும்

டாரோச் சீட்டுகள் குறித்து எழுதப்படும் நூல்களிற் பல அவற்றைப் பண்டைய ஞானத்தின் எச்சமாகவே காட்ட முற்படுகின்றன. வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து இக்கூற்று நிலைபெறுவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியப் பிரபுக்களிடையே இவை தோன்றியது ஆடுவதற்கே. கிண்ணம், நாணயம், வாள், தடி என்னும் நான்கு இனங்களுக்குரிய 56 சீட்டுகளோடு 22 படச்சீட்டுகள் சேர்க்கப்பட்டன. 'மூடன்' ஒழிந்த ஏனைய 21உம் துரும்புகள். முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய எம்மவர்க்குத் துரும்பை விளக்க வேண்டியதில்லை. இங்கு அது நிலையான தனித் தொகுதி என்பதே வேறுபாடு.

மிலான் கோமகன் குடும்பத்துக்காக ஏறத்தாழ 1450இல் தீட்டப்பெற்ற விஸ்கொன்ரி-ஸ்போர்சாக் கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. பொன் மினுங்கும் அச்சீட்டுகள் பிரபுத்துவத்தின் செல்வச் செருக்கைப் பறைசாற்றுவன. மரக்கட்டை அச்சே டாரோவைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றது. மார்செய் வகைக் கட்டுகளின் தடித்த கோடுகளையும் சில நிறங்களையும் மறைபொருளாகக் கொள்வோர் உளர். மலிவாக அச்சிடவேண்டிய தேவையின் விளைவாகவே நாம் அவற்றைக் கருதுகிறோம்.

இவை எகிப்தியக் குருமாரின் நூலெனக் கூர் டி ஜெபலன் 1781இல் எழுதினார். எகிப்திய எழுத்தைச் சம்பொலியன் வாசித்தறிந்ததோ 1822இலேயாம்! ஆதாரமற்ற அவ்வூகம் விரைவிலேயே வணிகமாயிற்று. எற்றெய்லா என்பார் குறிசொல்வதற்கெனத் தனிக்கட்டே வெளியிட்டார். மெய்யியலாளர் மைக்கல் டம்மெற் 1980இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, டாரோ பல நூற்றாண்டுகள் ஆட்டமாகவே வழங்கியதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது.

எனினும் டம்மெற்றின் வழிநின்று பிற்காலக் கட்டுகளைப் புறந்தள்ளுதல் நியாயமாகாது. இலண்டனில் 1909இல் வெளிவந்த கட்டுக்கு ஆதர் எட்வேட் வெயிற் கருத்து வகுத்தார். ஓவியங்கள் பமெலா கொல்மன் சிமித்துடையவை. நாற்பெரும் இனங்களின் எண்சீட்டுகளுக்கும் மனிதர் இயங்கும் காட்சிகளை அவர் வரைந்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்குரிய சோலா-புஸ்காக் கட்டில் இதற்கு முன்மாதிரி உண்டாயினும், பிற்காலத்தார் பெரிதும் பின்பற்றியது சிமித்தையே. அவர் பெற்றதோ சொற்பக் கூலி. கட்டு நெடுங்காலம் ரைடர்-வெயிற் என வெளியீட்டாளர் பெயராலும் வெயிற்றின் பெயராலுமே வழங்கிற்று. 1951இல் கோர்ன்வாலில் அவர் வறுமையில் இறந்தார். சீட்டின் மூலையில் அவர் பொறித்த முதலெழுத்துக் குறியை மறுபதிப்புகளிலும் காணலாம்.