மாமையை மறந்தோமே!

அழகு! மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்து ஒரு சிறுமியின் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்திருப்பதை அண்மையில் கண்டோம், கலங்கினோம்.

எட்டாம் வகுப்பிலே, 'நான்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். அவள் அறிவிற் சிறந்த மாணவி. பேச்சிலே தெளிவு, எழுத்திலே திருத்தம். அவள் தீட்டிய முதல் வரி: "நான் கறுப்பாக இருப்பேன், ஆனாலும் நன்றாகப் படிப்பேன்."

ஆனாலும்! அந்த ஒரு சொல் நம்மைச் சுட்டது. கறுப்புக்கும் படிப்புக்கும் நடுவிலே 'ஆனாலும்' எங்கிருந்து வந்தது? தன்னை அறிமுகம் செய்யும்போதே மன்னிப்புக் கேட்கிறாளே, எவரிடம்? எக்குற்றத்திற்காக?

கற்றுக்கொடுத்தோர் பலர். பிறந்த குழந்தையைக் காண வருவோர் முதலில் வினவுவது நிறத்தை. 'மணமகள் தேவை' விளம்பரம் விரும்புவது சிவந்த மேனியை. 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு, வெண்மையையும் அழகையும் ஒரே பெயரில் முடிச்சிட்டது. கண்டனக் குரல் எழுந்த 2020-இல் 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. பெயர் மாறிற்று, பெட்டி மாறிற்று, பேதைமை மாறிற்றா?

இக்கேடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1970-இல் வெளியிட்ட முதல் புதினம் 'தி புளூயஸ்ட் ஐ'. அதிலே பெகோலா என்னும் கறுப்பினச் சிறுமி, நீலக் கண்கள் வேண்டுமென்று இறைவனிடம் இறைஞ்சுகிறாள். இறுதியில் அவை கிடைத்துவிட்டதாகவே நம்புகிறாள். எப்போது? வீட்டின் கொடுமையும் ஊராரின் இகழ்ச்சியும் அவள் அறிவைக் குலைத்த பிறகு! அவள் ஆசையோடு பால் பருகிய கோப்பையிலே இருந்ததும் ஒரு வெள்ளைச் சிறுமியின் முகந்தான். அவள் முகத்தை அழகென்று அவளுக்குச் சொல்ல ஒரு சொல் வாய்க்கவில்லை.

நம் மாணவிக்கோ அச்சொல் அவள் தாய்மொழியிலேயே இருக்கிறது. சங்கப் புலவர் தலைவியை 'மாயோள்' என்றனர். கருநிறத்தாள் என்பது பொருள். அவள் மேனி நிறத்தை 'மாமை' என்றனர். அச்சொல்லுக்குக் கருமை என்றும் பொருள். அழகு என்றும் பொருள்! பிரிவுத் துயரால் அந்நிறம் வெளிறுவதைப் 'பசலை' என்றனர். திருக்குறளிலே 'பசப்புறு பருவரல்' என்று அதற்கோர் அதிகாரமே உண்டு. அன்று வெளிறினால் நோய் என்று வருந்தினர். இன்று வெளிறுவதற்கு விலை கொடுக்கிறோம்.

பசலை வேறு, பிறவி வெண்மை வேறு எனப் புலவர் குறுக்கிடலாம். உண்மை. பொன்னிற மேனியையும் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன எனலாம். அதுவும் உண்மை. ஒரு நிறத்தை அரியணையிலிருந்து இறக்கி மற்றொன்றை ஏற்றுவது நம் நோக்கமன்று. அரியணையே வேண்டாம் என்கிறோம்.

குறுந்தொகையின் 27-ஆம் பாடலைப் பாருங்கள். பாடியவர் வெள்ளிவீதியார், பெண்பாற் புலவர். பசுவின் பால் கன்றுக்கும் ஆகாமல், கலத்திலும் சேராமல், மண்ணிலே சிந்தியது போல, தன் மாமை அழகைப் பசலை தின்கிறதே எனத் தலைவி வருந்துகிறாள். எவர்க்கு உதவாமல் போகிறதாம்? தனக்கும், தன் தலைவனுக்கும். முதலில் தனக்கு! பிறகே தலைவனுக்கு! கல்லூரியில் பயின்ற நாளில் காதல் ஏக்கத்தைக் கண்டோம். இந்த வரிசையைக் காணத் தவறினோம். அழகு மாப்பிள்ளை வீட்டார் மதிப்பிடும் சரக்கா? உடையவளுக்கே அதில் முதல் உரிமை என்று ஒரு பெண் அன்றே பாடிவிட்டாள்.

பிறரைச் சாடுவது எளிது. நம்மையும் சாடிக்கொள்ள வேண்டும். இப்பாடலை வகுப்பிலே விளக்கியபோது, 'மாமை என்றால் அழகு' என்று கரும்பலகையில் எழுதி நிறுத்தினோம். கருமை என்ற மற்றப் பொருளை விழுங்கினோம். ஏன்? கறுப்பு என்றதும் பிள்ளைகள் நகைப்பரே, யாரையேனும் திரும்பிப் பார்ப்பரே என்ற அச்சம்! அவ்வச்சத்தால் மாணவிக்கு உரிய சொல்லை அவளிடமிருந்தே மறைத்தோம்.

மறுநாள் இரு பொருளையும் எழுதினோம். சிலர் நகைக்கத்தான் செய்தனர். நகைப்பு ஓயும்வரை காத்திருந்து, வெள்ளிவீதியாரின் பாடலை மீண்டும் விளக்கினோம். பிறகு அம்மாணவியின் ஏட்டிலே 'ஆனாலும்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'இச்சொல் தேவையில்லை' என்று குறித்தோம்.

அவள் படித்தாள், ஒன்றும் பேசவில்லை. எழுதுகோலை எடுத்து அச்சொல்லை அடித்தாள்.

ஏட்டிலிருந்து அவள் அடித்துவிட்டாள். நம் வீட்டுப் பேச்சிலிருந்து நாம் அடிப்பது எந்நாள்?